சமாதானம் ஆனவர்கள் யார்?

கொலை வழக்கு என்றால் ஊர் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளும்: செத்தவர், செய்தவர். அதே கட்டடத்தில், அதே புகைக்குள், நாலு எட்டு தள்ளி இருந்த ஒரே காரணத்தால் வெளியே வந்து சேர்ந்தவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ‘தப்பிச்சிட்டாரு, புண்ணியவான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தப் புண்ணியவான் அடுத்த வாரம் அதே வாசலுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது நமக்கு உறைப்பதில்லை.

மதுரை மேலூர் சாலையில் இருந்த தினகரன் நாளிதழ் அலுவலகத்துக்கு 2007 மே 9, புதன்கிழமை வேலைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம். அன்றைய இதழில் ஒரு கருத்துக்கணிப்பு வந்திருந்தது. அன்றைய முதலமைச்சர் கலைஞர் கருணாநிதிக்குப் பிறகு அவருடைய அரசியல் வாரிசு யார் என்பது கேள்வி. மு.க.ஸ்டாலினுக்கு 70 சதவீதம், மு.க.அழகிரிக்கு 2 சதவீதம் என்று அச்சாகியிருந்தது. காலையிலேயே தினகரன் கட்டுகள் தெருவில் எரிந்தன, பஸ்கள் மீது கல் விழுந்தது. பிறகு கூட்டம் அலுவலகத்துக்கே வந்தது. கல், கட்டை, கடைசியில் பெட்ரோல் குண்டு. கணினிப் பிரிவில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்களும் காவலாளி ஒருவரும் இறந்துபோனார்கள். போலீஸ் அங்கேதான் நின்றது. அது நின்ற அழகைத் தமிழகமே டிவியில் பார்த்தது.

கணிப்பை எடுத்தது ஒரு தனியார் ஆய்வு நிறுவனம். வெளியிட முடிவெடுத்தவர்கள் மேலிடத்தில் இருந்தவர்கள். கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்ளும் பையனுக்கும் கேட்டைத் திறந்து மூடும் பெரியவருக்கும் ஒரு கட்சிக்கு அடுத்த தலைவர் யாராக இருந்தால் என்ன? இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கணிப்பு சொன்னதுதான் கடைசியில் நடந்தது. 2021 மே 7 அன்று ஸ்டாலின் முதலமைச்சராகப் பதவியேற்றார். அழகிரி அதற்கு வெகுநாள் முன்பே, 2014இல், கட்சியை விட்டு நீக்கப்பட்டிருந்தார். ஊர் அறிந்த சங்கதியாக ஆகப்போகிற ஒன்றைக் கொஞ்சம் முன்னதாக அச்சிட்ட தாளுக்காக மூன்று பேர் செத்தார்கள்.

இதைப் பயங்கரவாதம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கொலை வழக்காகத்தான் நடந்தது. சட்டப் பிரிவுக்காக நாம் சண்டை போடப் போவதில்லை. பட்டப்பகலில், போலீஸ் பார்த்திருக்க, பத்திரிகை ஆபீஸில் கூலிக்கு வேலை பார்ப்பவர்களைக் கொளுத்துகிற கூட்டம் அந்த மூன்று பேரோடு நிறுத்திக்கொள்வதில்லை; இனி இந்த ஊரில் எவனும் இப்படி எழுதக்கூடாது என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. அச்சுறுத்துவதற்காகவே கொல்வதை வேறு எந்தப் பெயரால் அழைத்தாலும் அனுபவித்தவர்களுக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 2008 நவம்பர் 26 அன்று, மும்பை காமா மருத்துவமனைக்குள் துப்பாக்கியோடு இரண்டு பேர் நுழைந்தார்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர் அஞ்சலி குல்தே தன் வார்டில் இருந்த இருபது கர்ப்பிணிகளை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துப்போய்க் காப்பாற்றினார். பிறகு, அந்த இருவரில் உயிரோடு பிடிபட்ட கசாபை அடையாளம் காட்டினார், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையிலும் அவர் குரல் ஒலித்தது. அவருக்கும் பயம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் சாட்சிக் கூண்டில் ஏறியபோது நாடே அவர் பின்னால் நின்றது. குற்றவாளி வேற்று நாட்டான், பூட்டிய சிறையில் இருப்பவன். அவனுக்காகப் பரிந்துபேச உள்ளூரில் ஒரு வார்டு செயலாளர் கிடையாது.

மதுரையில் நிலைமை வேறு. இங்கே குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த தெருக்காரர். நாம் டீ குடிக்கும் கடையில்தான் அவருடைய ஆட்களும் குடிப்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனால் வாசல் பிளெக்ஸில் கும்பிட்டபடி நிற்பார். இந்த வழக்கின் முதன்மைக் குற்றவாளியை ஊர் அழைத்ததே ‘அட்டாக்’ பாண்டி என்றுதான். ஒருவருக்கு அப்படியொரு பட்டம் கொடுத்து, அதைக் கூச்சமில்லாமல் போஸ்டரிலும் பார்த்துப் பழகிய ஊரில், ‘ஐயா, இவர்தான் அன்றைக்கு வந்தார்’ என்று கை நீட்டச் சொல்வது சாதாரண காரியமா? வந்த துப்பாக்கிக்காரனைக் காட்டிக்கொடுக்கத் துணிச்சல் வேண்டும். உள்ளூர்க்காரரைக் காட்டிக்கொடுக்கத் துணிச்சல் மட்டும் போதாது, குடிபெயர வேறு ஊரும் வேண்டும்.

இப்படிப் பிழைத்தவர்களுக்கு உள்ளே என்ன ஆகிறது என்பதை மருத்துவம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலை பேசப்பட்ட காலத்தில், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் அதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. தீ விபத்து, குண்டுவெடிப்பு, நிலநடுக்கம், வன்புணர்வு என்று எதில் பிழைத்தவருக்கும் அது வரலாம். நடந்தது பழங்கதையாகப் படியாது. இப்போது நடப்பது போலவே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். அதைக் கிளப்பிவிட மதுரையில் எதற்கும் பஞ்சமில்லை. சாவு ஊர்வலத்தில் வேட்டுப் போடுகிறார்கள். தலைவர் வருகிறார் என்றால் பத்தாயிரம் வாலாவை நடுரோட்டில் விரிக்கிறார்கள். மறியல் என்றால் டயர் எரியும். இதெல்லாம் வேண்டாம், பெட்ரோல் பங்கில் வண்டியோடு வரிசையில் நிற்கும்போது மூக்கில் ஏறும் அந்த வாடை போதும். கை வேர்த்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையை விட்டு விலகுகிறவரைப் பார்த்து, பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார்.

தியேட்டரில் வெளியேறும் வழிக்குப் பக்கத்து நாற்காலி வேண்டும். ஆபீஸில் ஜன்னலுக்கு முதுகு காட்டாத மேசை வேண்டும். ராத்திரி தெருவில் கேட் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மனைவிக்குக் காரணம் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. ‘அப்பா எப்பவும் சிடுசிடுன்னுதான் இருப்பாரு’ என்று வளர்வார்கள். எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்துவது, நான் டீ குடிக்க இறங்கினேன், அவன் இறங்கவில்லை என்கிற கணக்கு. செத்தவன் வீட்டு வாசலைத் தாண்டிப் போக முடியாமல் சுற்றுவழியில் போகிறவர்கள் எத்தனையோ பேர், எத்தனையோ ஊர்களில். அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதை அவர்களுக்கு யாரும் உட்கார்த்திவைத்துச் சொன்னதுமில்லை.

நம் பக்கத்தில் இதற்கு முதல் வைத்தியம் பாண்டி கோயில். ‘பயந்துட்டான், மேலமடைக்குக் கூட்டிட்டுப் போயி திருநீறு போட்டுட்டு வா’ என்பார்கள். கேலி செய்ய மாட்டோம். அரண்டு போனவனை வீட்டார் நாலு பேர் நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு நடப்பதே பாதி மருந்து. ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது, சீட்டு வாங்கி உட்கார்ந்தால் மாத்திரை கிடைக்கும். கேள்வி, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் யாரிடம் போவது என்பதுதான். வேலை பார்த்த இடத்தில், வேலை பார்த்த காரணத்தால் வந்த நோய் இது. 1923ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை கசாப்புக் கடை விலைப்பலகை மாதிரி இருக்கும்: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு, ஒரு கண் போனால் 40 சதவீதம். 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே பட்டியலைத்தான் வாங்கி வைத்துக்கொண்டது. தூக்கம் போனால் எத்தனை சதவீதம்? அதற்கு வரிசை எண் இல்லை. மனநோயை உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 2017இன் மனநலச் சட்டம் சொல்கிறது. அது சிகிச்சைச் செலவுக்கு. போன பிழைப்புக்கு அல்ல.

இனி, இந்தத் தலையங்கத்தை எழுதவைத்த விஷயத்துக்கு வருவோம்.

தாக்குதல் நடந்த நாலாவது நாள், மே 13 அன்று, தினகரனை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவரும் கலைஞருக்குப் பேரன் முறையானவருமான தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். குடும்பம் இரண்டாயிற்று. செப்டம்பரில் கலைஞர் டிவி வந்தது. அந்த ஒன்றரை ஆண்டு, எரிந்த அலுவலகம் ஒரு தரப்புக்கு ஆயுதமாக இருந்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போயிருந்தது. சாட்சிகள் இருந்தார்கள், படங்கள் இருந்தன. பிறகு 2008 டிசம்பர் 1 வந்தது. மாறன் சகோதரர்கள் கோபாலபுரம் வந்தார்கள், குடும்பம் ஒன்று சேர்ந்தது. ‘கண்கள் பனித்தன, இதயம் இனித்தது’ என்றார் கலைஞர். தமிழ்நாட்டில் இந்த வாக்கியம் தெரியாதவர்கள் குறைவு, கிண்டலுக்காவது ஒரு தடவை சொல்லாதவர்கள் இன்னும் குறைவு. ஆனால் அதை அந்த அலுவலகத்து ஊழியரின் காதால் கேட்டுப் பாருங்கள்.

ஓராண்டு கழிந்த கையோடு, 2009 டிசம்பர் 9 அன்று, மதுரை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட பதினேழு பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகள் பலர் பிறழ்சாட்சிகளாகியிருந்தார்கள்.

யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று நாம் ஊகிக்கப் போவதில்லை. சொல்லவே வேண்டியதில்லை என்பதுதான் நம் வாதம். தாக்கப்பட்ட நிறுவனத்தின் முதலாளிகளும் ஆட்சியில் இருந்த குடும்பமும் ஒரே சோபாவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பிறகு, மாதச் சம்பளக்காரர் எந்தத் தைரியத்தில் கூண்டில் ஏறி ஆள் காட்டுவார்? அழகிரி இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கிளம்பிய கூட்டத்தின் மீது வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2009 மே மாதத்தில் அவர் மதுரை எம்.பி.யாகி மத்திய அமைச்சரும் ஆனார் என்பதும் ஊர் பார்த்த உண்மை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சாட்சிக்குத் தெரியாதா?

ஆகவே நம் தீர்ப்பு இது. குண்டு வீசியவர்களின் குற்றம் நீதிமன்றத்துக்கு உரியது. அதற்கு அடுத்த பெரிய குற்றம், செத்தவர்களின் வீட்டாரையும் பிழைத்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொண்ட சமாதானம். குடும்பச் சண்டையைத் தீர்த்துக்கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. பேரன்கள் தாத்தாவைப் பார்ப்பதை யார் தடுக்க முடியும்? ஆனால் மேலூர் சாலையில் நடந்தது குடும்பச் சண்டை இல்லை. அந்த மூன்று பேர் எந்தக் குடும்பத்துப் பங்காளியும் இல்லை. பகையும் இவர்களுடையது, உறவும் இவர்களுடையது, நடுவில் பிணம் மட்டும் அடுத்த வீட்டுப் பிணம். ‘நாங்கள் சேர்ந்துவிட்டோம், ஆனால் எங்கள் ஊழியர் யாரும் சாட்சி மாற வேண்டாம், அவர்கள் வேலைக்கும் உயிருக்கும் நாங்கள் பொறுப்பு’ என்று அன்றைக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். அந்த அறிக்கை வராததை எந்தச் சட்டமும் தண்டிக்காது. நாம் அதை மன்னிப்பதாக இல்லை.

வழக்கு அத்தோடு புதைந்திருக்கும். ஆனால் சிபிஐ மேல்முறையீடு செய்தது. இறந்த இளைஞர் ஒருவரின் தாயும் நீதிமன்றப் படியேறினார். 2019 மார்ச் 21 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என்.பிரகாஷ், பி.புகழேந்தி அமர்வு விடுதலைத் தீர்ப்பைத் திருத்தி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அப்போது பணியில் இருந்த காவல் துணைக் கண்காணிப்பாளர் ஒருவரையும் குற்றவாளி என்றது. உயர் நீதிமன்றக் கிளை இருப்பதும் அதே மேலூர் சாலையில்தான். அந்தச் சிறு தூரத்தைக் கடக்க நீதிக்குப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது.

தமிழ்நாட்டுக்கு இப்படி வேறு நினைவுகளும் உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்த ஐந்து பேரையும், கலெக்டர் ஆபீஸ் போய்விட்டுத் திரும்பிய பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஊராட்சித் தலைவர் என்ற வேலையைப் பார்க்க முயன்றதுதான் அவர் செய்தது. ஆயுள் தண்டனை பெற்றவர்களை அண்ணா நூற்றாண்டு என்றும் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்றும் சொல்லி இரண்டு ஆட்சிகளும் தவணை தவணையாக வெளியே விட்டன. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூன்று பேர் பஸ்ஸோடு எரிக்கப்பட்டார்கள். அங்கேயும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்டு விசாரணையைச் சேலத்துக்கு மாற்றிய பிறகுதான் நீதி நகர்ந்தது. அந்த வழக்கில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தது 2007 பிப்ரவரியில். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மதுரையில் பெட்ரோல் குண்டு விழுந்தது. தருமபுரிக் குற்றவாளிகளும் 2018 நவம்பரில் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எந்த விடுதலைக்கு முன்னாலும் பஸ்ஸிலிருந்து இறங்கித் தப்பிய பிள்ளைகளிடம் யாராவது போய், உங்களுக்கு இது எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா?

யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்தில் 2006 மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தின மாலை, ஆயுதக்காரர்கள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாளும் பத்திரிகை வந்தது. சுவரில் பாய்ந்த குண்டுகளின் துளைகளை அவர்கள் பூசி மறைக்கவில்லை. அப்படியே விட்டு வைத்தார்கள். ஆசிரியர் கானமயில்நாதன் ஆண்டுக்கணக்கில் அலுவலகத்துக்குள்ளேயே குடியிருந்தார், வெளியே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று. தண்டனை ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நீதி கிடைக்காத அந்த இடத்தில்கூட, நடந்தது இதுதான் என்று நிறுவனம் தன் ஊழியர் பக்கம் நின்று சுவரில் சாட்சி வைத்திருந்தது. மதுரையில் நீதி கிடைத்தது, ஆனால் வழக்கு நடந்த காலத்தில் பிழைத்தவர் தனியாகத்தான் நின்றார். இரண்டில் எது மேல் என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது பேராசையா என்ன?

பேராசை இல்லை என்பதற்குப் பாரிஸ் உதாரணம். 2015 ஜனவரி 7 அன்று ‘ஷார்லி எப்தோ’ இதழ் அலுவலகத் தாக்குதலில் 12 பேர் இறந்தார்கள். உடந்தையாக இருந்தவர்கள் மீது 2020இல் விசாரணை நடந்தபோது, பிழைத்தவர்களுக்கென்று நாட்கள் ஒதுக்கி, அவர்களைப் பேச விட்டுக் கேட்டது நீதிமன்றம். ஆளை அடையாளம் காட்ட மட்டும் கூப்பிடவில்லை. பிறகு உங்கள் வாழ்க்கை என்ன ஆனது என்பதையும் சொல்லச் சொன்னது. தாடை சிதறிப் பிழைத்த எழுத்தாளர் பிலிப் லான்சோன் அந்த மருத்துவமனை மாதங்களை ஒரு புத்தகமாகவே எழுதினார். பயங்கரவாதத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று பிரான்சில் 1986 முதல் ஒரு நிதியம் இருக்கிறது. சொத்துக் காப்பீடு எடுக்கும் ஒவ்வொருவரிடமும் சிறு தொகை பிடித்து அதில் சேர்க்கிறார்கள். மனக் காயமும் அதில் காயம்தான்.

நம்மிடம் எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சட்டமாக அறிவித்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 398ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு திட்டம் அறிவிக்க வேண்டும் என்கிறது. சாட்சியின் அடையாளத்தை மறைக்கலாம், வீட்டை மாற்றலாம், வேறிடத்தில் குடியமர்த்தலாம். நல்லதுதான். ஆனால் 2018 திட்டத்தில் ஒரு வரி இருக்கிறது, மதுரைக்காரர்கள் அதை இரண்டு தடவை படிக்க வேண்டும். சாட்சிக்கு எந்த அளவு ஆபத்து என்று அறிக்கை கொடுக்க வேண்டியவர், அந்தக் காவல் உட்கோட்டத்தின் துணைக் கண்காணிப்பாளர். தினகரன் வழக்கில் உயர் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன அதிகாரியின் பதவி என்ன என்று மேலே எழுதியிருக்கிறோம்.

அந்த அறிக்கையை எழுதும் பொறுப்பை உள்ளூர்ப் போலீஸிடமிருந்து எடுத்து மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் தமிழக அரசு கொடுக்க வேண்டும். அரசியல் கட்சிக்காரர்கள் குற்றம் சாட்டப்பட்ட வழக்குகளில் விசாரணையை முதல் நாளிலேயே வேறு மாவட்டத்துக்கு மாற்ற வேண்டும். தருமபுரியில் சாட்சிகள் கவிழ்ந்த பிறகு செய்ததை முன்கூட்டியே செய்வதில் என்ன கஷ்டம்? வேலையிடத் தாக்குதலில் பிழைத்தவருக்கு ஊதியத்தோடு விடுப்பும் மனநலச் சிகிச்சையும் நிறுவனத்தின் கடமை என்று விதி வர வேண்டும். ஆயுள் கைதியை முன்கூட்டி விடுவிக்கும் கோப்பில், பிழைத்தவர்களின் கருத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். இவை எதற்கும் பெரிய பணம் தேவைப்படாது.

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும், நம்மையும் சேர்த்துத்தான், ஒரு வேண்டுகோள். மே 9 ஆண்டுதோறும் வருகிறது. அன்றைக்கு மலர்வளையத்தோடு நிறுத்தாமல், அந்த அலுவலகத்தில் அன்று பணியில் இருந்தவர்களைத் தேடிப் போய், விரும்பினால் பெயரை மறைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள். கூண்டில் ஏறியபோது மாறிச் சொன்னவர்களையும் விட்டுவிடாதீர்கள். முதலில் அவர்களைக் கேளுங்கள்.